டெர்ரி பிராட்செட் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பெங்களூரு சர்ச் தெருவின் பழைய புத்தகக் கடைகளில் ஆங்கில எழுத்தாளர் டெர்ரி பிராட்செட்டின் நாவல்களை அடிக்கடி காண்கிறேன். அலுவலக நண்பர்கள் அவரைக் கொண்டாடுகிறார்கள். அவர்கள் சொன்னதால் டிஸ்க்வேர்ல்ட் வரிசையின் முதல் நாவலை வாசித்தேன். மந்திரவாதிகளை வைத்துச் செய்த வேடிக்கைக்கு மேல் அதில் எதுவும் தென்படவில்லை. இவரைத் தீவிரமான எழுத்தாளராகக் கருத முடியுமா?

ச., அல்சூர்

அன்புள்ள ச.,

முடியும் என்றே நான் உறுதியாக நம்புகிறேன். 1983இல் வெளிவந்த அந்த முதல் நாவல் அன்றைய மாயக்கதைகளைப் பகடி செய்ய எழுதப்பட்டது; அவருடைய உண்மையான ஆற்றல் அதில் இன்னும் வெளிப்படவில்லை. ஆமையின் மீது நான்கு யானைகள், அவற்றின் மீது தட்டையான உலகம் என்ற டிஸ்க்வேர்ல்டின் அமைப்பு, கூர்மத்தையும் திசை யானைகளையும் அறிந்த நமக்கு அன்னியமானதல்ல. ஆனால் அந்த உலகத்தில் காவலர்களும் அஞ்சல் ஊழியர்களும் கிராமத்து மருத்துவச்சிகளும் குடியேறிய பிறகே அது உயிர் பெற்றது. பதினேழு வயதில் உள்ளூர்ப் பத்திரிகையில் நிருபராகச் சேர்ந்து, பின்னர் மின் உற்பத்தி வாரியத்தில் செய்தித் தொடர்பாளராகப் பணியாற்றியவர் அவர். அதிகாரம் எப்படிப் பேசும், எளியவர் அதை எப்படிக் கேட்பார் என்பதை அங்கேதான் கற்றிருக்க வேண்டும்.

1993இல் வந்த 'மென் அட் ஆர்ம்ஸ்' நாவலில் காவல் தலைவன் வைம்ஸ் காலணிகளைப் பற்றி யோசிக்கும் பகுதி ஒன்று உண்டு. வசதியுள்ளவன் ஐம்பது டாலருக்கு வாங்கும் காலணி பத்து ஆண்டுகள் உழைக்கிறது. அவ்வளவு பணத்தை ஒருசேரப் புரட்ட முடியாதவன் பத்து டாலர் காலணிகளை மீண்டும் மீண்டும் வாங்கி, அதே காலத்தில் நூறு டாலர் செலவழித்தும் ஈரக் காலுடன் நடக்கிறான். காவிரி இணைப்பு பெற்ற வீட்டைவிட, அது கிடைக்காமல் லாரித் தண்ணீரை நம்பியிருக்கும் வீடு ஒவ்வொரு லிட்டருக்கும் அதிக விலை கொடுக்கும் உங்கள் நகரத்தில் இதற்கு விளக்கவுரை வேண்டியதில்லை. வறுமையே செலவு மிகுந்தது என்ற உண்மையை, ஒரு கதாபாத்திரத்தின் முணுமுணுப்பாக, வாசகன் சிரித்துக்கொண்டிருக்கும்போதே சொல்லிவிடுகிறார். அந்தச் சிரிப்புக்கு அடியில் இருப்பது கோபம். கடவுளைச் சென்னைக்கு வரவழைத்துக் கந்தசாமிப் பிள்ளையுடன் காபி குடிக்க வைத்த புதுமைப்பித்தனை வாசித்தவர்களுக்கு இந்தக் கோபம் பழக்கமானது. அவரைத் தீவிர இலக்கியத்தில் வைக்கும் நாம் பிராட்செட்டை மட்டும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவதில் எந்த நியாயமும் இல்லை.

மரணமே அவருடைய நாவல்களில் ஒரு கதாபாத்திரம். ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் (கேப்பிட்டல்) பேசும், பூனைகளை நேசிக்கும், மனிதர்களைப் புரிந்துகொள்ளத் தவிக்கும். 2007இல் அவருக்கு அரிய வகை அல்சைமர் நோய் இருப்பது கண்டறியப்பட்டது. அதை மறைக்காமல் அறிவித்து, ஆய்வுக்குப் பத்து லட்சம் டாலர் வழங்கி, தன் முடிவைத் தானே தீர்மானிக்கும் உரிமைக்காக வெளிப்படையாக வாதிட்டார். தட்டச்சு செய்ய இயலாமல் போனபின் உதவியாளரிடமும் குரலை எழுத்தாக்கும் மென்பொருளிடமும் சொல்லிச் சொல்லி எழுதினார். 2015 மார்ச் மாதம் தம் 66ஆம் வயதில் மறைந்தார். டிஸ்க்வேர்ல்ட் வரிசையின் 41ஆவது நாவல் அதே ஆண்டில் வெளிவந்தது.

1989இல் வந்த 'கார்ட்ஸ்! கார்ட்ஸ்!' நாவலிலிருந்து தொடங்குங்கள். வைம்ஸ் அங்கேதான் அறிமுகமாகிறான். 'மென் அட் ஆர்ம்ஸ்' அதன் தொடர்ச்சி. இரண்டையும் வாசித்துவிட்டு எழுதுங்கள்.