‘காதலன்’ என்று எழுதினோம்

அண்ணா, வணக்கம்.
புத்தாண்டு முடிந்து பேப்பரைத் திறந்தால் வழக்கம்போல பிரசவ வார்டு படம், மாகாண அமைச்சர் கையில் குழந்தை, தாய்மாரில் இத்தனை பேர் பள்ளி வயது என்று ஒரு எண்ணிக்கை. இதைப் போடலாம் என்று யார் முடிவு செய்கிறார்கள்? பத்திரிகையில் இருந்தவர் நீங்கள், அதனால் கேட்கிறேன்.
வாசகி, சாட்ஸ்வொர்த், தென்னாப்பிரிக்கா

தங்கச்சி,

முடிவு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. அந்த வாரம் கோர்ட் இல்லை, பார்லிமெண்ட் இல்லை, பாதி நிருபர்கள் லீவு. சுகாதாரத் துறையே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், எண்ணிக்கையும் கொடுத்து, படத்துக்கும் நிற்கிறது. பக்கம் நிரம்பிவிடும். நானும் நிரப்பியிருக்கிறேன்.

2021 ஆகஸ்டில் கௌட்டெங் மாகாணம் ஒரு கணக்குச் சொன்னது: ஒரே ஆண்டில் 23,000க்கு மேல் பதின்வயதுப் பிரசவங்கள், அதில் 934 பேர் 10 முதல் 14 வயதுக்குள். நம் சட்டத்தில் 12 வயதுக்குக் கீழ் சம்மதம் என்ற பேச்சே இல்லை, அது வன்புணர்வு. 16க்குக் கீழ் உள்ள பெண்ணிடம் 18 தாண்டிய ஆண் உறவு வைத்தால், அவள் சரி என்று சொல்லியிருந்தாலும் குற்றம்தான், விஷயம் தெரிந்த எவரும் போலீசில் சொல்லியாக வேண்டும் என்கிறது 2007ஆம் ஆண்டுச் சட்டம். அப்படியென்றால் கிரைம் நிருபர் போக வேண்டிய செய்தி இது. போவதோ சுகாதாரம் எழுதுகிறவர். புத்தாண்டு எண்ணிக்கை வந்ததும், அதில் எத்தனை பேர் விஷயத்தில் வழக்குப் பதிவானது என்று கேட்டால் பதில் வர வாரக்கணக்காகும், அதற்குள் மெட்ரிக், அதாவது பள்ளி இறுதித் தேர்வு, ரிசல்ட் வந்துவிடும், அப்புறம் யார் கேட்கப்போகிறார்கள்?

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். குழந்தை பெற்ற 15 வயதுப் பெண் ஒருத்தியைப் பற்றிப் போட்டோம். பேர் இல்லை, முகத்தை மங்கலாக்கினோம், ரொம்ப ஒழுங்காக நடந்துகொண்டதாக எங்களுக்கு நினைப்பு. ஆனால் சாட்ஸ்வொர்த்தில் எந்த யூனிட், அதாவது எந்தக் குடியிருப்புப் பகுதி, என்று எழுதியிருந்தோம், படத்தில் யூனிபார்ம் கலர் தெரிந்தது, தாத்தா எந்தக் கோயிலில் தர்மகர்த்தா என்பதுகூட இருந்தது. சனிக்கிழமை நம் ஊர் பங்களாதேஷ் மார்க்கெட்டில் மிளகாய் வாங்க வந்தவர்கள் எல்லாம் அதைத்தான் பேசினார்கள். அவளைக் கர்ப்பமாக்கிய ஆளுக்கு 27 வயது. அவனைப் பற்றி மொத்தச் செய்தியிலும் ஒரே சொல், ‘காதலன்’. அந்தச் சொல்லை வெட்டாமல் அனுப்பியது நான்தான்.

அடுத்த ஜனவரியிலும் அந்த எண்ணிக்கை வரும். 16க்குக் கீழ் எத்தனை பேர், எத்தனை வழக்கு என்று இரண்டு வரி ஆசிரியருக்கு எழுதிப் போடுங்கள். அந்த மாதம் கடிதப் பகுதியும் காலியாகத்தான் கிடக்கும், போட்டுவிடுவார்கள்.