அமெரிக்க மாநில அரசியலில் 'கட்டுப்படியாகும் வீடு' என்றால் என்ன? அதை ஏன் பசியோடு சேர்த்தே பேசுகிறார்கள்?

வாடகை, மின்சாரம், தண்ணீர் எல்லாம் சேர்த்து வருமானத்தில் 30 சதவீதத்துக்குள் அடங்கினால், அங்கே அது கட்டுப்படியாகும் வீடு. மாதம் 3,000 டாலர் சம்பாதிப்பவருக்கு 900 டாலர்தான் எல்லை.

அதே ஆள் வாடகைக்கே 1,500 கொடுத்தால்? பாதி வாடகை கட்டிவிட்டுப் பாதி வீட்டில் குடியிருக்க முடியாது. குறைக்க முடிவது சாப்பாடு ஒன்றைத்தான். மாதக் கடைசியில் பிள்ளைக்குப் போட்டுவிட்டுத் தான் சாப்பிடாமல் படுக்கும் தாயின் பசி, உண்மையில் வாடகையால் வந்த பசி. நீளம் போதாத போர்வை மாதிரி. தலையை மூடினால் கால் வெளியே தெரியும். 'ஸ்நாப்' என்னும் அரசு உணவு உதவியை வாடகைக்குத் திருப்பவும் முடியாது.

அரசியல்வாதிகள் பிரிவது தீர்வில்தான். ஒரு தரப்பு வாடகை உயர்வுக்கு வரம்பு, மானியம் என்கிறது. இன்னொரு தரப்பு வீடு கட்டும் விதிகளைத் தளர்த்தினால் வீடுகள் பெருகி விலை இறங்கும் என்கிறது. ஆரிகன் மாநிலம் 2019இல் இரண்டையும் செய்தது: வாடகை உயர்வுக்கு மாநிலம் முழுக்க உச்சவரம்பு வைத்தது, 10,000 பேருக்கு மேல் வாழும் நகரங்களில், தனிவீட்டுக்கு மட்டும் ஒதுக்கிய மனைகளில் இரட்டை வீடு கட்டவும் அனுமதித்தது. எனக்கு இந்த வழிதான் சரியாகப் படுகிறது. வரம்பு இன்றிருப்பவரைக் காக்கும், புது வீடு நாளை வருபவருக்கு. உணவுப் பக்கம், கலிபோர்னியா 2022 முதல் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் இலவச உணவு தருகிறது.

கட்டுப்படியாகும் வீடு என்றதும் அரசு சும்மா கொடுக்கும் வீடு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, குடியிருப்பவர் மாதாமாதம் வாடகை கட்டுகிறார், பல வீடுகள் தனியாருடையவை.