வரிசையில் உங்கள் பெயர் இருக்கிறதா? வாடகை உதவி பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் குறைந்த வருமானக்காரர்களின் வாடகையில் ஒரு பங்கை அமெரிக்க அரசு கட்டும் செக்‌ஷன் 8 வாடகை வவுச்சர் பற்றிப் போகிற போக்கில் நான்கு வரி எழுதினேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. நம்மவர் என்றாலே கம்ப்யூட்டர் வேலை, பெரிய வீடு என்று ஒரு பேச்சு உண்டு, அது எவ்வளவு பொய் என்று இந்தக் கடிதங்களைப் படித்தால் தெரியும். ஊரையும் பெயரையும் எடுத்துவிட்டேன்.

கேள்வி: அக்கா, நாங்கள் இருப்பது பெருநகரமும் இல்லை, சின்ன ஊரும் இல்லை. கணவர் இறந்தபிறகு நானும் பத்தாவது படிக்கும் மகளும்தான். கடையில் மணிக்கணக்கில் சம்பளம், பாதிக்கு மேல் வாடகைக்கே போகிறது. இருவருக்கும் க்ரீன் கார்டு இருக்கிறது. செக்‌ஷன் 8 உதவிக்கு எங்கே போய் விண்ணப்பிப்பது? 150 டாலர் கொடுத்தால் காத்திருப்போர் பட்டியலில் பெயரை மேலே ஏற்றித் தருவதாக ஒருவர் சொல்கிறார்.

பதில்: முதலில் அந்த 150 டாலரைக் கொடுக்காதீர்கள். இந்த விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது, காசு வாங்கிக்கொண்டு பெயரை மேலே ஏற்றும் வழியும் கிடையாது. அவர் ஏமாற்றுகிறார், அவ்வளவுதான்.

பணம் தருவது ஹட் எனப்படும் மத்திய வீட்டுவசதித் துறை, ஆனால் விண்ணப்பம் வாங்குவது அது இல்லை. உங்கள் நகரத்திலோ கவுண்டியிலோ (நம்மூர் மாவட்டம் மாதிரி) இருக்கும் ஹவுசிங் அத்தாரிட்டி எனும் உள்ளூர் வீட்டுவசதி அமைப்புதான் எல்லாம். எது என்று தெரியாவிட்டால் 211 என்ற உதவி எண்ணை அழைத்துக் கேளுங்கள், பெரும்பாலான ஊர்களில் அது வேலை செய்யும். அப்புறம், பலர் தவறவிடுவது இதைத்தான்: ஓர் இடத்தில் மட்டும் விண்ணப்பித்துவிட்டு உட்காரவேண்டியதில்லை. பக்கத்து நகரம், பக்கத்து கவுண்டி என்று எத்தனை அத்தாரிட்டி பட்டியலைத் திறந்து வைத்திருக்கிறதோ அத்தனையிலும் பெயர் கொடுக்கலாம். உங்களைப் போல நடுத்தர ஊரில் இருப்பவர்களுக்குச் சுற்றுவட்டாரத்தில் இரண்டு மூன்றாவது இருக்கும். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும், நீங்கள் குடியிருக்காத ஊரில் விண்ணப்பித்து வவுச்சர் கிடைத்தால், முதல் 12 மாதம் அவர்கள் எல்லைக்குள்ளேயே குடியிருக்கச் சொல்லலாம். மகளின் பள்ளியை யோசித்துக்கொள்ளுங்கள்.

பட்டியல் எப்போதும் திறந்திருக்காது. நியூயார்க்கில் 2009 கடைசியில் மூடிய பட்டியலை 2024 ஜூனில்தான் திறந்தார்கள், அதுவும் ஒரே வாரம். 6 லட்சத்துக்கும் மேல் பேர் விண்ணப்பிக்க, குலுக்கல் போட்டு 2 லட்சம் பேரைப் பட்டியலில் சேர்த்தார்கள். குலுக்கலில் விழுந்தாலும் கிடைத்தது வரிசையில் ஓர் இடம்தான், வீடு இல்லை. உங்கள் ஊரில் கூட்டம் இந்த அளவுக்கு இருக்காது, ஆனால் முறை ஏறக்குறைய இதுதான். சில ஊர்களில் குலுக்கல், சில ஊர்களில் விண்ணப்பித்த தேதிப்படி வரிசை. எந்த முறை என்று கேட்டுக்கொள்ளுங்கள், குலுக்கல் என்றால் நள்ளிரவில் கண்விழித்து முதல் ஆளாக விண்ணப்பிப்பதால் ஒரு பயனும் இல்லை.

வருமான வரம்பு ஊருக்கு ஊர், குடும்ப அளவுக்கு ஏற்ப மாறும், ஹட் அதை ஆண்டுதோறும் வெளியிடுகிறது. பொதுவாக அந்தப் பகுதியின் இடைநிலைக் குடும்ப வருமானத்தில் பாதிக்குள் இருக்கவேண்டும். புதிதாகத் தரும் வவுச்சரில் நான்கில் மூன்று பங்கு மிகக் குறைந்த வருமானக்காரர்களுக்கே போகவேண்டும் என்பதும் விதி. அதோடு உள்ளூரில் குடியிருப்பவர், வேலை செய்பவர், வீடில்லாதவர், முதியவர், மாற்றுத்திறனாளி என்று அந்தந்த அத்தாரிட்டி சிலருக்கு முன்னுரிமை வைத்திருக்கும். விண்ணப்பத்தில் அந்தக் கட்டங்களை நிதானமாகப் படியுங்கள். தகுதி இருந்தும் டிக் செய்யாமல் விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அரசுக் குடியிருப்புக்கு, அதாவது பப்ளிக் ஹவுசிங்குக்கு, தனிப் பட்டியல் உண்டு. செக்‌ஷன் 8 மூடியிருந்தாலும் அது திறந்திருக்கக்கூடும், அதையும் கேளுங்கள்.

கேள்வி: வவுச்சர் கிடைத்தால் வாடகை முழுவதும் அரசே கட்டுமா?

பதில்: இல்லை. விதிப்படி கழிக்கும் தொகைகள் போக உங்கள் மாத வருமானத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் உங்கள் பங்கு, மீதியை அத்தாரிட்டி நேரே வீட்டு உரிமையாளருக்கு அனுப்பும். ஆனால் மீதி எவ்வளவானாலும் அனுப்பிவிடமாட்டார்கள், எத்தனை படுக்கையறை என்பதைப் பொறுத்து ஓர் உச்சவரம்பு வைத்திருப்பார்கள்.

கணக்காகச் சொல்கிறேன். கழிவு போக வருமானம் 1,200 டாலர், உங்கள் ஊர் உச்சவரம்பு 1,100 என்று வைத்துக்கொள்வோம். கரண்ட், தண்ணீர் எல்லாம் சேர்த்து வாடகை 1,050 என்றால் நீங்கள் 360 கட்டுவீர்கள், அவர்கள் 690. வாடகை 1,200 என்றால் வரம்பைத் தாண்டிய 100 உங்கள் தலையில், ஆக 460. 1,250 வீடு பிடித்திருக்கிறது என்றால்? உங்கள் பங்கு 510 ஆகிவிடும், வருமானத்தில் 42 சதவீதத்துக்கும் மேல். புதிதாகக் குடிபோகும்போது 40 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பதால் அந்த வீட்டை ஒப்புக்கொள்ளமாட்டார்கள், நீங்கள் "நான் சமாளித்துக்கொள்கிறேன்" என்றாலும் சரி. அட்வான்ஸ் எனும் செக்யூரிட்டி டெபாசிட்டுக்கும் வவுச்சர் பொதுவாக உதவாது, அதைத் தனியாகச் சேர்த்து வையுங்கள்.

கேள்வி: எனக்கு 68 வயது, குடியுரிமை வாங்கிவிட்டேன். மகன் முதலீட்டுக்காக காண்டோ எனும் சின்ன அடுக்குமாடி வீடு ஒன்று வாங்கியிருக்கிறான். எனக்கு வவுச்சர் கிடைத்தால் அதிலேயே குடியிருந்து, வாடகை அவனுக்கே போகும்படி செய்யலாமா? வெளியாளுக்குக் கொடுப்பதற்குப் பிள்ளைக்குக் கொடுக்கலாமே.

பதில்: அம்மா, உங்கள் மனசு புரிகிறது, ஆனால் முடியாது. பெற்றோர், பிள்ளை, பேரப்பிள்ளை, தாத்தா பாட்டி, உடன்பிறந்தோர் இவர்களுக்குச் சொந்தமான வீட்டை வவுச்சரில் எடுக்கக்கூடாது. மாற்றுத்திறனாளி ஒருவருக்கு அந்த வீடுதான் வசதி என்று அத்தாரிட்டி ஒப்புக்கொண்டால் மட்டும் விலக்கு. காண்டோவை மருமகள் பெயருக்கு மாற்றினால் என்ன என்று அடுத்த கடிதம் போடாதீர்கள், இதற்காகவே பெயர் மாற்றினால் அது மோசடிக் கணக்கில்தான் போய் நிற்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மகன் மாதாமாதம் தவறாமல் கையில் தரும் பணமும் வருமானம்தான். ஊரில் உள்ள வைப்புநிதி, அதற்கு வரும் வட்டி, அங்கே உள்ள வீட்டின் வாடகை எல்லாவற்றையும் எழுதவேண்டும். "அது ஊர்ப் பணம்தானே, இவர்களுக்கு எப்படித் தெரியும்" என்ற பேச்சுக்குக் காது கொடுக்கவேண்டாம். பின்னால் தெரியவந்தால் உதவி நிற்பதோடு, வாங்கியதையும் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். உங்கள் வயதில் செக்‌ஷன் 202 எனப்படும், 62 வயது நிறைந்தவர்களுக்கான குடியிருப்புகளிலும் பெயர் கொடுத்து வைக்கலாம். அதற்கு அந்தந்தக் கட்டட அலுவலகத்தில் நேரே விண்ணப்பிக்கவேண்டும்.

கேள்வி: ஹெச்1பி விசாவில் இருக்கிறேன், வேலை போய்விட்டது. விண்ணப்பிக்கலாமா?

பதில்: வவுச்சருக்கு முடியாது. குடிமக்கள், க்ரீன் கார்டுக்காரர்கள், அகதிகள், அடைக்கலம் வழங்கப்பட்டவர்கள் போன்ற சில பிரிவினருக்கே தகுதி, ஹெச்1பி வேலை விசா, அவர்கள் குடும்பத்துக்கான ஹெச்4, மாணவர்களுக்கான எஃப்1 அதில் இல்லை. வரிச்சலுகை வாங்கிக் கட்டிய குறைந்த வாடகை அப்பார்ட்மெண்டுகளுக்கு அந்தச் சலுகைத் திட்டத்தின் மத்திய விதி குடியேற்ற நிலையைக் கேட்பதில்லை, வருமானத்தைத்தான் பார்க்கிறது. ஆனால் அங்கே வாடகை உங்கள் சம்பளத்துக்கேற்பக் குறையாது, நிர்ணயித்த தொகைதான்.

கேள்வி: நான்கு வருடம் காத்திருந்து வவுச்சர் கையில் வந்துவிட்டது. ஆனால் போகிற இடமெல்லாம் "செக்‌ஷன் 8 எடுப்பதில்லை" என்கிறார்கள். ஒருவர் மட்டும் மாதம் 100 டாலர் தனியாகக் கையில் தந்தால் சரி என்கிறார். வீடு தேடக் கொடுத்த 60 நாளில் பாதி போய்விட்டது.

பதில்: அந்த 100 டாலர் கூடவே கூடாது. ஒப்பந்தத்தில் இல்லாத பணத்தை வாங்குவது அவருக்கும் தப்பு, கொடுத்தால் வவுச்சர் போவது உங்களுக்குத்தான். வவுச்சரை மறுக்கக்கூடாது என்று மத்தியச் சட்டம் பொதுவாகச் சொல்லவில்லை, ஆனால் பல மாநிலங்களிலும் நகரங்களிலும் அப்படிச் சட்டம் இருக்கிறது. உங்கள் ஊரில் உண்டா என்று இலவசச் சட்ட உதவி மையத்தில் இன்றே கேளுங்கள். 60 நாள் என்பது குறைந்தபட்சக் கெடுதான், பெரும்பாலும் நீட்டித்துத் தருவார்கள், கெடு முடிவதற்கு முன்பே எழுத்தில் கேட்கவேண்டும். எந்த வீட்டை, எந்தத் தேதியில் பார்த்தீர்கள், என்ன பதில் சொன்னார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி அதையும் இணையுங்கள். வீடு கிடைத்த பிறகும் இன்ஸ்பெக்‌ஷன் முடிந்து அத்தாரிட்டி ஒப்புதல் தரும்வரை பழைய வீட்டைக் காலி செய்யாதீர்கள்.

கேள்வி: மூன்று வருடமாகப் பட்டியலில் இருந்தேன். இப்போது பெயரை எடுத்துவிட்டோம் என்று கடிதம். நான் செய்த தப்பு என்ன?

பதில்: பெரும்பாலும் நடுவில் வந்த ஒரு கடிதத்துக்குப் பதில் போகாததுதான். எங்கள் பெரியம்மாவுக்கும் இதே கதை. வீடு மாறியதைத் தபால் நிலையத்தில் சொன்னோம், கடை கண்ணி எல்லாவற்றிலும் சொன்னோம், ஹவுசிங் அலுவலகத்தில் மட்டும் சொல்லவில்லை. "இன்னும் உதவி தேவையா" என்று கேட்டு வந்த கடிதம் பழைய முகவரிக்குப் போய், பெயர் போய்விட்டது. யாரையும் குறை சொல்லமுடியாது, தப்பு எங்களுடையதுதான், ஆனாலும் அன்றைக்கு இரவு பெரியம்மா சாப்பிடவில்லை.

உங்கள் கடிதத்தில் காரணமும், மறுபரிசீலனை கேட்க எத்தனை நாள் கெடு என்பதும் இருந்தால் அதை விடாதீர்கள், ஒரு பக்கத்தில் எழுதிக் கேளுங்கள். குடும்பத்தில் ஒருவரின் மாற்றுத்திறனால், அதாவது டிஸெபிலிட்டியால், பதில் அனுப்ப முடியவில்லை என்றால் அதற்கான சான்றோடு சொல்லுங்கள், அந்தக் காரணத்துக்காகப் பழைய இடத்திலேயே மீண்டும் சேர்த்தாகவேண்டும் என்று விதியே இருக்கிறது. கடிதம் தாமதமாக வந்தது என்றால் உறையைக் கிழித்துப் போடாதீர்கள், தபால் முத்திரைத் தேதி அதில்தான் இருக்கும்.