பூஞ்சை செழிக்கிறது, அமிலம் ஏறவில்லை

கேள்வி: கல்லூரி ஆய்வகத்தில் கரும்பு மொலாசஸிலிருந்து (சர்க்கரை ஆலையில் மிஞ்சும் பாகு) சிட்ரிக் அமிலம் எடுக்க முயல்கிறோம். லிட்டருக்கு மொலாசஸ் 300 கிராம், அம்மோனியம் நைட்ரேட் 2.5 கிராம், பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 1 கிராம், மக்னீசியம் சல்பேட் 0.25 கிராம், போர்வெல் தண்ணீர். ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் பூஞ்சை பஞ்சுபோல் குடுவை நிறைய வளர்கிறது. எட்டு நாளாகியும் பிஎச் 4-க்குக் கீழே இறங்கவில்லை. குடுவைகளை ஆட்டும் ஷேக்கரை இரவில் நிறுத்திவிடுவோம். எங்கே தவறு? கிடைக்கும் அமிலத்தை ஸ்குவாஷ் தயாரிப்பவருக்கு விற்கலாமா?

பதில்: பஞ்சுபோல் வளர்கிறது என்கிறீர்கள் பாருங்கள், கோளாறே அதுதான். வயிறார உண்டு வளரும் பூஞ்சை, சர்க்கரையைத் தன் உடம்பாக்கிக்கொள்ளும். சர்க்கரை மிதமிஞ்சி இருந்து, மற்ற சத்துகள் தட்டுப்பட்டால்தான் சிட்ரிக் அமிலத்தை வெளியே தள்ளும். நல்ல விளைச்சல் தரும் குடுவையில் பஞ்சு இருக்காது. ஜவ்வரிசி போன்ற சிறு உருண்டைகள் மிதக்கும்.

நீங்கள் எடுத்துக்கொண்ட கலவை, அமெரிக்க வேதியியலர் ஜேம்ஸ் கர்ரி 1917-ல் தூய சர்க்கரைக்கு எழுதியதன் வழிவந்தது. அதை அப்படியே மொலாசஸுக்குப் போட்டதுதான் முதல் பிழை. மொலாசஸில் நைட்ரஜனும் உலோக உப்புகளும் ஏற்கெனவே உண்டு. அம்மோனியம் நைட்ரேட்டை 0.5 கிராமாகக் குறையுங்கள். இல்லாமலும் ஒரு குடுவை வையுங்கள்.

பெரிய எதிரி மாங்கனீசு. லிட்டருக்கு ஒருசில மைக்ரோகிராம் இருந்தாலே விளைச்சல் சரியும், உருண்டை கட்டவேண்டிய இழைகள் நீண்டு பஞ்சாகும். இரும்பும் துத்தநாகமும் கூடினாலும் கெடுதல்தான். போர்வெல் நீரை விட்டு இருமுறை காய்ச்சி வடித்த நீருக்கு மாறுங்கள். கண்ணாடிக் கலன்களை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்து அலசுங்கள்.

மொலாசஸைச் சுத்திகரிக்க பொட்டாசியம் பெர்ரோசயனைடு வேண்டும். கரைத்த மொலாசஸை பிஎச் 6.5-க்குக் கொண்டுவந்து, 90 டிகிரிக்குச் சூடாக்கி, லிட்டருக்கு 0.3 கிராமில் தொடங்கி 1.5 கிராம் வரை ஐந்து குடுவைகளில் ஐந்து அளவாகச் சேருங்கள். ஓர் இரவு தெளியவிட்டு, அடியில் தங்கும் கசடை வடிகட்டி நீக்குங்கள். ஒவ்வொரு ஆலையின் மொலாசஸுக்கும் தோதான அளவு வேறு. புதிய டிரம் திறந்தால் சோதனையைத் திரும்பச் செய்யத்தான் வேண்டும். குறைந்தால் உலோகம் மிஞ்சும், கூடினால் வித்தே முளைக்காது. ஓர் எச்சரிக்கை: இதை அமிலத்தோடு சூடாக்கினால் ஹைட்ரஜன் சயனைடு வாயு கிளம்பும். பிஎச் பார்க்காமல் அடுப்பில் ஏற்றாதீர்கள், புகைபோக்கிப் பெட்டிக்குள்ளேயே செய்யுங்கள்.

ஷேக்கர் விஷயத்தில் சமரசமே கிடையாது. அமிலம் சுரக்கும் நாட்களில் சிறிது நேரம் ஆக்சிஜன் தடைப்பட்டாலும், மறுபடி ஆட்டினால் பூஞ்சை உயிரோடு இருக்கும், அமிலம் மட்டும் திரும்பாது. 500 மில்லி குடுவையில் 100 மில்லிக்கு மேல் ஊற்றாமல், 30 டிகிரியில் இரவு பகலாக ஓடட்டும். ஆய்வகத்தைப் பூட்டியே ஆகவேண்டுமென்றால் அகலத் தட்டில் மெல்லிய படலமாக வளர்க்கும் பழைய முறைக்குப் போங்கள். நாள் கூடும், மின்சாரத்தை நம்பவேண்டியதில்லை.

பிஎச் 2-க்கு அருகே இறங்கவேண்டும். 4-க்கு மேலேயே நின்றால் அதே பூஞ்சை குளுக்கோனிக் அமிலத்தையும் ஆக்சாலிக் அமிலத்தையும் கொடுக்கும். காரத்தைச் சொட்டுவிட்டு அமிலத்தை அளக்கும் டைட்ரேஷனில் எல்லாமே அமிலமாகத்தான் தெரியும். 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு 1 மில்லிக்கு 6.4 மில்லிகிராம் சிட்ரிக் அமிலம் என்ற கணக்கு, வேறு அமிலம் இல்லாதபோது மட்டுமே சரி. மொலாசஸ் நிறத்தில் பீனால்ப்தலீன் காட்டியின் நிறமாற்றம் தெரியாது. பிஎச் மீட்டரில் 8.2 வரை பாருங்கள், பூஞ்சை இடாத மொலாசஸின் அளவைக் கழியுங்கள். வடிநீரில் அசிட்டிக் அமிலம் விட்டு, குளிர்ந்த நிலையில் கால்சியம் குளோரைடு சேர்த்ததும் வெண்மை படிந்தால் ஆக்சலேட் இருக்கிறது என்று சந்தேகியுங்கள்.

கூடவே தூய சர்க்கரை 150 கிராம் போட்டு, கர்ரி கலவையில் ஒரு குடுவை வையுங்கள். அதுவும் தோற்றால் கோளாறு மொலாசஸில் இல்லை, பூஞ்சையில். வெங்காயத் தோலில் கறுப்புத் தூளாகப் படிவதும் பெரும்பாலும் இந்த இனம்தான். ஆனால் சில வகைகள் ஆக்ராடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கும். நுண்ணுயிர்ச் சேமிப்பகத்திலிருந்து அமிலத்துக்கென்றே உள்ள வகையை வாங்குங்கள். 100 கிராம் சுக்ரோஸுக்குக் கோட்பாட்டளவில் 112 கிராம் அமிலம் வரலாம். குடுவையில் பாதி வந்தாலே நல்ல விளைச்சல்.

பிரித்தெடுக்கும்போது சூடு முக்கியம்: கால்சியம் சிட்ரேட் ஆறினால் கரையும், கொதிநிலையை ஒட்டித்தான் நன்கு படியும். சுண்ணாம்புப்பால் சேர்த்து, சூட்டோடு வடிகட்டி, வெந்நீரில் கழுவி, நீர்த்த கந்தக அமிலத்தில் உடைத்துச் சிட்ரிக் அமிலத்தை விடுவியுங்கள். 100 கிராம் சிட்ரிக் அமிலத்துக்கு நீற்றிய சுண்ணாம்பு 58 கிராம், கந்தக அமிலம் 77 கிராம் செலவாகும். 134 கிராம் ஜிப்சம் மிஞ்சும். அதை எங்கே கொட்டுவது என்பது ஆலைகளுக்குத் தீராத தலைவலி. சுண்டவைத்த கரைசலை 36 டிகிரிக்குக் கீழே படிகமாக்கினால் ஒரு மூலக்கூறு நீரோடு வரும், அதற்கு மேலே நீரற்ற படிகம்.

ஸ்குவாஷுக்கு விற்பது வேண்டாம். ஐஎன்எஸ் 330 என்ற உணவுச் சேர்க்கை எண்ணில் உணவில் சேர்ப்பதற்கு உரிமமும், ஆக்சலேட், கன உலோகம், சல்பேட் சோதனைகளும் தேவை; உங்கள் படிகத்தில் பெர்ரோசயனைடு எச்சமும் இருக்கலாம். 5 சதவீதக் கரைசலாக்கி ஷவர் முனையின் உப்புப்படிவை நீக்கப் பயன்படுத்துங்கள். மார்பிள் தரையில் சிந்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பளபளப்பு போய்விடும்.