கண்மாய்க்கு ஒரு பழைய வள்ளம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மீன்பாசி (மீன்பிடி உரிமை) ஏலத்தில் எடுத்த கண்மாயில் வலை விட ஒரு மர வள்ளம் வேண்டும். கேரளத்தின் குட்டநாட்டுப் பக்கம், கயிற்றால் தைத்த 22 அடிப் பழைய வள்ளம் ஒன்று விலைக்கு வருகிறது. புதிதாகப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். என்னென்ன பார்க்க வேண்டும்?
– வாசகர், மேலூர்

பதில்: புதுப் பெயிண்ட் என்றதுமே உஷாராகிவிடுங்கள். அந்தப் பக்கத்து வள்ளங்களுக்கு வழக்கமாகப் பூசுவது மீன் எண்ணெய் அல்லது முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெய். அதில் பலகையும் தையலும் கண்ணுக்குத் தெரியும். பெயிண்ட் இரண்டையும் மூடிவிடும். கரையேற்றிக் காட்டாத வள்ளத்துக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.

பேனாக்கத்தி, சின்ன மரச்சுத்தி, நூல் – இவ்வளவு போதும். சுத்தியால் தட்டிக்கொண்டே போங்கள். சத்தம் மங்கும் இடத்தில் கத்தி முனையைக் குத்தி நெம்புங்கள். நல்ல மரம் நீளமான சிம்பாக உரிந்து வரும். மக்கிய மரம் சத்தமே இல்லாமல் சின்னத் துண்டாகப் பெயரும். எல்லோரும் அடிப்பலகையைத்தான் குத்திப் பார்க்கிறார்கள். மக்குவது பெரும்பாலும் மேலே: மூக்கின் (முன்முனையின்) உள்மூலை, குறுக்குப் பலகைகளின் அடி, விளிம்புக்குச் சற்றுக் கீழே, அதாவது மழைத் தண்ணீர் தங்கும் இடங்கள். மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு ஈரத்தோடு காற்றும் வேண்டும். எந்நேரமும் தண்ணீருக்குள் கிடக்கும் பலகை அவ்வளவு சீக்கிரம் போகாது.

வள்ளம் எங்கே ஓடியது என்று கேளுங்கள். வேம்பநாட்டுக் காயலில் உள்ள தண்ணீர்முக்கம் தடுப்பணைக்கு வடக்கே உப்புத் தண்ணீரில் ஓடியதென்றால், மரத்தைத் துளைக்கும் கப்பல் புழு ஏறியிருக்கலாம். வெளியே குண்டூசித் துளைதான் தெரியும். உள்ளே வெள்ளைச் சுண்ணாம்பு பூசினாற்போல் குழாய் குழாயாகத் தின்றிருக்கும். நம் கண்மாயின் நல்ல தண்ணீரில் புழு செத்துவிடும், பலகை திரும்ப வராது.

தையல் கயிற்றை நகத்தால் கிள்ளுங்கள். நார் முறுக்கோடு நின்றால் சரி, தூளாக உதிர்ந்தால் முழுத்தையலும் புதிதாகப் போட வேண்டும். கழன்ற தையலுக்குப் பதிலாக யாராவது இரும்பு ஆணி அடித்திருந்தால் அதைச் சுற்றி மரம் கறுத்து மெத்தென்று இருக்கும். இப்படி ஏழெட்டு இடம் பார்த்தீர்கள் என்றால் வேறு வள்ளம் தேடலாம்.

கடைசியாக, மூக்கிலிருந்து பின்முனைக்கு நூலை இழுத்துக் கட்டி, நூலுக்கும் விளிம்புக்கும் உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் அடிக்கு அடி அளந்துவிடுங்கள். நடுவில் விளிம்பு மேடு தட்டியிருந்தால் முதுகு தூக்கிவிட்ட வள்ளம். பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

லாரியில் ஏற்றும்போது இரண்டு முனையைப் பிடித்துத் தூக்கக் கூடாது. முனையிலிருந்து கால் பங்கு நீளம் உள்ளே தள்ளி, அகலமான பட்டை போட்டுத் தூக்குங்கள். லாரியிலும் அந்த இரண்டு இடத்தில்தான் கட்டை வைக்க வேண்டும். நனைத்த சாக்கைப் போர்த்தி, ராத்திரிப் பயணமாகக் கொண்டு வாருங்கள்.

கேள்வி: பங்குனியிலிருந்து வள்ளம் கரையில் கிடக்கிறது. பலகைக்கு நடுவே ஒரு ரூபாய்க் காசு நுழையும் அளவு இடைவெளி. எல்லாவற்றையும் எம்-சீல் (காய்ந்தால் கல்லாகிவிடும் பசை) வைத்து அடைத்து, மேலே ஃபைபர் போட்டுவிடலாம் என்கிறார் ஆசாரி. செய்யலாமா?
– வாசகர், சோழவந்தான்

பதில்: இரண்டும் வேண்டாம். வள்ளம் கெட்டுப்போகவில்லை, காய்ந்திருக்கிறது. 10 அங்குல அகலப் பலகை நம் ஊர் வெயிலில் கால் அங்குலம் வரைகூடச் சுருங்கும். தண்ணீர் பட்டால் திரும்ப ஊறும். காய்ந்திருக்கும்போது இடைவெளியைக் கெட்டியாக அடைத்துவிட்டால், ஊறும் பலகைக்கு விரிய இடமிருக்காது. தையல் அறும், இல்லையென்றால் உள்சட்டம் விரியும். ஃபைபர் போட்டால் ஈரம் உள்ளே சிறைப்படும். வெளியே பளபளவென்று இருக்கும்போதே உள்ளே மக்கிக்கொண்டிருக்கும்.

முதலில் நிழலுக்குக் கொண்டுபோய், உள்ளும் புறமும் நனைத்த சாக்குப் போட்டு 10 நாள் ஈரம் காயாமல் பாருங்கள். பிறகு ஆழமில்லாத தண்ணீரில் இறக்கி, தானே நிறைந்து உட்காரட்டும் என்று விட்டுவிடுங்கள். பக்கத்தில் இருப்பவர்கள் முழுகிப்போச்சு என்று பதறுவார்கள், கண்டுகொள்ளாதீர்கள். 4, 5 நாள் கழித்து இறைத்து, சாயங்காலம் உள்ளே துடைத்துவிட்டு காலையில் பாருங்கள். ஒன்றிரண்டு வாளித் தண்ணீர் என்றால் பிரச்சினையில்லை. அதற்கு மேல் வந்தால், ஊறும் இடத்தில் குறி வைத்து, கரையேற்றி, அந்த இடத்தை மட்டும் அடையுங்கள்.

அடைப்பதற்குப் பஞ்சுத் திரியோ தேங்காய் நாரோ போதும். பழையதைக் கொக்கியால் சுரண்டி எடுத்துவிட்டு, இடைவெளி ஆழத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மட்டும், மரச்சுத்தியால் மெதுவாகத் தட்டி ஏற்றுங்கள். மேலே குங்கிலியத் தூளை எண்ணெயில் உருக்கிப் பூச வேண்டும். பதம் பார்க்க ஒரு சொட்டைத் தண்ணீரில் விடுங்கள். வளைத்தால் உடைந்தால் எண்ணெய் போதவில்லை. விரலில் ஒட்டி இழுத்தால் குங்கிலியம் போதவில்லை.

அடுத்த கோடைக்கு: அழகர் ஆற்றில் இறங்கும் நேரத்தில் பாதிக் கண்மாய்கள் வெடித்துக் கிடக்கும். வற்றாத ஊருணி இருந்தால், மணல் மூட்டையைப் பரவலாக அடுக்கி வள்ளத்தை முழுதாக அமிழ்த்தி வைப்பதுதான் முதல் தரம். அது இல்லையென்றால் கீற்றுக் கொட்டகைக்குள், ஓரடி உயரச் செங்கல் மேடைகளில் கவிழ்த்து வையுங்கள். வாரம் ஒருமுறை செங்கல்லில் கரையான் மண் ஏறியிருக்கிறதா என்று பார்த்து இடித்துவிட வேண்டும்.

கேள்வி: முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசினதில் கையெல்லாம் கொப்புளம். வேறு எண்ணெய் உண்டா?
– வாசகர், வாடிப்பட்டி

பதில்: அதன் காரம் அப்படித்தான். கையில் தேங்காய் எண்ணெய் தடவி, ரப்பர் உறை மாட்டி, முழுக்கைச் சட்டையோடு பூசுங்கள். கொப்புளம் ஆறாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். மீன் எண்ணெய் கையைச் சுடாது. நாற்றம் உண்டு, அடிக்கடி பூசவும் வேண்டும். எதுவானாலும் பலகை மேலே காய்ந்த பிறகு, வெயிலில் சூடேறியிருக்கும்போது, மெல்லிசாக இரண்டு தடவை. ஈரத்தின் மேல் பூசினால் தோல் தோலாக உரிந்துவிடும்.

கேள்வி: எங்கள் கண்மாயில் வருஷத்தில் 3 மாதம்தான் தண்ணீர். மர வள்ளம் வாங்கலாமா?
– வாசகர், உசிலம்பட்டி

பதில்: வேண்டாம். பரிசல் போதும்.