குட்டை முடி வெட்ட சலூனில் எப்படிச் சொல்வது? எத்தனை நாளுக்கு ஒருமுறை வெட்டுவது?

நாகர்கோவிலோ மார்த்தாண்டமோ, சலூனில் உட்கார்ந்ததும் "ஷார்ட்டா வெட்டுங்கண்ணே" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒவ்வொருவருக்கும் ஷார்ட் ஒவ்வோர் அளவு. மிஷினில் மாட்டும் சீப்பின் நம்பரைச் சொல்லுங்கள், எவ்வளவு முடி மிஞ்சும் என்பதை அதுதான் காட்டும். பொதுவாக 1 என்றால் 3 மில்லிமீட்டர், 2 என்றால் 6, 3 என்றால் சுமார் 10. முதல்முறை என்றால் பக்கவாட்டில் 3 போதும். நீளமாகத் தெரிந்தால் இன்னும் எடுக்கலாம், எடுத்ததை ஒட்ட முடியாது. மேலே கத்தரியால் வெட்டச் சொல்லுங்கள். உச்சியில் சுழி இருந்தால் அங்கே கொஞ்சம் நீளம் விடுவது முக்கியம், இல்லாவிட்டால் முடி குத்திட்டு நிற்கும். கிருதா எதுவரை, பின்கழுத்தில் கோடு வேண்டுமா என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள். கழுத்தில் பிளேடு போட்டால் புது பிளேடு கேளுங்கள், இதில் கூச்சமே வேண்டாம்.

முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். அதனால் 3, 4 வாரத்துக்கு ஒருமுறை வெட்டினால் சரி. ஃபேடு (பக்கவாட்டில் கீழே மிகக் குட்டையாகத் தொடங்கி மேலே போகப் போக நீளம் கூடும் வெட்டு) என்றால் இரண்டு வாரத்திலேயே கலைந்து தெரியும்.

குளச்சல், முட்டம் பக்கம் கடற்காற்றில் உப்பும் வியர்வையும் சேர்ந்து தலை பிசுபிசுக்கும். தினமும் நல்ல தண்ணீரில் அலசுங்கள், ஷாம்பு வாரம் இரண்டு மூன்று முறை போதும். தேங்காய் எண்ணெயைக் குளிப்பதற்கு முன் தேயுங்கள்.