பொதுவில் வாங்கிய புத்தகம் யாருடையது?

வணக்கம்,

நாங்கள் சேலத்தில் ஆறு பேர். ஒன்றரை வருடமாக மாதம் இரண்டு ஞாயிறு, ஃபேர்லேண்ட்ஸில் நண்பர் வீட்டு மாடியில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, ஆளுக்கொரு கதாபாத்திரமாகிப் பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டத்தை ஆடி வருகிறோம். ஆரம்பத்தில் ஆளுக்கு 1,400 போட்டு, 8,400 ரூபாய்க்கு மூன்று அடிப்படைப் புத்தகங்களையும் வாங்கினோம். எல்லாம் 2014 பதிப்பு. அதன்பிறகு ஜெராக்ஸ், மார்க்கர், பிளாஸ்டிக் ஷீட், கூரியர் என்று ஆட்டத்தை நடத்தும் டிஎம் (டன்ஜன் மாஸ்டர்) கையிலிருந்து 3,000 போயிருக்கிறது. அவர் கேட்கவில்லை, ஆனால் கொஞ்ச நாளாக முகம் சரியில்லை. டீ, பலகாரத்துக்கு யாராவது கொடுத்துவிடுவோம்.

இப்போது ஒருவருக்கு பெங்களூரில் வேலை கிடைத்திருக்கிறது. "என் 1,400-ஐக் கொடுத்துவிடுங்கள்" என்கிறார். அவர் இடத்துக்குப் புதிதாக ஒருவர் வருகிறார். புது ஆளிடம் 1,400 வாங்கி இவருக்குக் கொடுத்துவிடலாம் என்று ஒரு யோசனை. இன்னொருவர் கல்லூரி மாணவர். பணம் என்று பேச்செடுத்தாலே நெளிகிறார். டிஜிட்டல் சந்தா எடுக்கலாமா, இந்தக் கதையின் கடைசி ஆட்டத்தை ஏற்காட்டில் ரூம் போட்டு ஆடலாமா என்றும் பேச்சு ஓடுகிறது. எதை எப்படிப் பிரிப்பது?

கே., சூரமங்கலம்

*

அன்புள்ள கே.,

புது ஆளிடம் 1,400 வாங்காதீர்கள். வாங்கினால் ஒன்றரை வருடம் புரட்டிய புத்தகத்தில் ஆறில் ஒரு பங்கைப் புது விலைக்கு அவர் தலையில் கட்டுகிறீர்கள். நாளைக்கு அவரும் கோயம்புத்தூருக்கோ சென்னைக்கோ கிளம்பும்போது இதே கடிதத்தை எனக்கு மறுபடி எழுதுவீர்கள்.

உங்கள் சிக்கல் பணத்தில் இல்லை, உரிமையில் இருக்கிறது. ஆறு பேருக்குச் சொந்தமான புத்தகத்தை விற்கவும் முடியாது, பிரிக்கவும் முடியாது. யாராவது கிளம்பும்வரை அது தெரியவும் தெரியாது. செலவைப் பகிரலாம், பொருளைப் பகிரக் கூடாது. மேசைக்கு வரும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே ஒரு சொந்தக்காரர் இருக்கட்டும், மற்றவர்கள் பயன்படுத்தட்டும். இதை மனதில் வைத்துக்கொண்டு பழைய பாக்கியை முதலில் தீர்ப்போம்.

மூன்று புத்தகமும் இன்று என்ன விலைக்குப் போகும்? இந்த மூன்றின் திருத்திய பதிப்பில், ஆடுகிறவர்களுக்கான பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கும் டிஎம்முக்கான டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடும் 2024-இல் வந்துவிட்டன, அரக்கர் பட்டியலான மான்ஸ்டர் மேனுவல் 2025 பிப்ரவரியில் வந்தது. 2014 பதிப்பை வைத்து இன்னும் தாராளமாக ஆடலாம். ஆனால் பழைய புத்தகம் வாங்க வருகிறவர் இதைச் சொல்லித்தான் பேரம் பேசுவார். பாதி விலை என்று வையுங்கள்: 4,200. மூன்றும் ஒரே மாதிரி தேய்ந்திருக்காது. மான்ஸ்டர் மேனுவல் டிஎம் கையை விட்டுப் போகாது, புதிது போல இருக்கும். பிளேயர்ஸ் ஹேண்ட்புக்தான் மேசையைச் சுற்றிச் சுற்றி வரும். மந்திரப் பட்டியல் பக்கங்களின் ஓரத்தில் தட்டுவடை செட்டின் பீட்ரூட் சிவப்பும் சட்னி எண்ணெயும் ஏறியிருக்கும். திறந்து கவிழ்த்து வைத்து வைத்து முதுகு விட்டிருக்கும். அதற்குக் கொஞ்சம் குறைத்து, மற்றதற்குக் கூட்டிப் போட்டாலும் மொத்தம் இதையொட்டித்தான் வரும்.

புத்தகங்களை டிஎம் எடுத்துக்கொள்ளட்டும். ஆடுகிறவர் மாறலாம், டிஎம் இல்லாமல் ஆட்டமே இல்லை. 4,200-இல் ஒரு பங்கு 700. மற்ற ஐந்து பேருக்கும் அவர் ஆளுக்கு 700 தர வேண்டும். அவர் கையிலிருந்து போன 3,000-ஐ ஆறாகப் பிரித்தால் 500. அதை ஐந்து பேரும் அவருக்குத் தர வேண்டும். கழித்தால் ஆளுக்கு 200. பெங்களூர் போகிறவர் கையில் 200 கொடுங்கள். மற்ற நால்வருக்குரிய 800-ஐ டிஎம் பொதுப்பையில் போடட்டும், அதுவே புதுக்கணக்கின் ஆரம்ப இருப்பு.

1,400 கேட்டவருக்கு 200-ஆ என்று அவர் கேட்பார். இந்தக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டுங்கள். 36 ஆட்டத்தில் புத்தகத் தேய்மானம் 4,200, சில்லறைச் செலவு 3,000, ஆக 7,200. ஒரு ஆட்டத்துக்கு 200, ஆளுக்கு 33 ரூபாய். நான்கு மணி நேரம் ஆடியதற்கு இது. அதற்கும் முறைத்தால் மற்ற ஐந்து பேரும் சேர்ந்து ஒரு டீ வாங்கிக் கொடுத்து வழியனுப்புங்கள், தொகையை மட்டும் மாற்றாதீர்கள்.

ஒன்று கவனியுங்கள். 3,000-ஐ டிஎம்மையும் சேர்த்து ஆறாகப் பிரித்திருக்கிறேன். இனிமேல் அவர் பொதுப்பைக்குப் பணம் போட வேண்டாம் என்பது என் கட்சி. ஒரு ஆட்டத்துக்கு முன்னால் மூன்று நான்கு மணி நேரம் தனியாக உட்கார்ந்து தயார் செய்கிறார், புத்தகத்துக்கும் அவர்தான் காசு போடுகிறார். ஆனால் அந்தச் சலுகை அடுத்த மாதத்திலிருந்துதான். புது விதியைப் பழைய கணக்கில் புகுத்தினால் ஒவ்வொருவரும் தனக்கு வசதியான தேதியிலிருந்து கணக்கை ஆரம்பிப்பார்கள்.

இனி மாதச் செலவு. இரண்டு ஆட்டம், ஆறு பேர், டீக்கும் பலகாரத்துக்கும் ஆளுக்கு 60 என்றால் 720. ஜெராக்ஸ், மார்க்கருக்கு 80. மொத்தம் 800. டிஎம் நீங்கலாக ஐந்து பேர், அதில் ஒருவர் மாணவர். மாணவருக்கு ஒரு பங்கு, சம்பளக்காரருக்கு இரண்டு பங்கு. ஒன்பது பங்கு ஆகிறது. மாணவருக்கு 90, மற்றவர்களுக்கு 180 என்று வைத்தால் 810 வரும். மாணவருக்குப் பாதி என்பதை முதல் நாளே எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுங்கள். யாரோ ஒருவர் ரகசியமாக அவருக்காகக் கட்டிக்கொண்டிருப்பது நல்ல மனது மாதிரி தெரியும், ஆறு மாதத்தில் உறுத்தும். பணத்துக்குப் பதில் டீ வாங்கி வருவது, மேசை துடைப்பது என்று அவரிடம் வேலையும் வாங்காதீர்கள். அவர் ஆட வந்தவர்.

ஆட்டத்துக்கு இவ்வளவு என்று வசூலிக்காமல் மாதத்துக்கு இவ்வளவு என்று வாங்குங்கள். ஆட்டக் கணக்கு வைத்தால் வராதவர் தரமாட்டார், வந்த மூன்று பேர் தலையில் மொத்தமும் விழும். கடைசியில் ஒழுங்காக வருகிறவருக்குத்தான் அபராதம். மாதம் முதல் வாரத்திலேயே ஜிபேயில் வாங்கிவிடுங்கள். கணக்கை டிஎம் எழுத வேண்டாம், வேறொருவர் எழுதட்டும். மொய் நோட்டு மாதிரி ஒரு நோட்டுப் போதும்: தேதி, வரவு, செலவு, மீதி.

அடுத்து புதுப் புத்தகம் வேண்டுமென்றால்? அதற்கும் பொதுப்பணம் கூடாது. சேலத்தில் குலுக்கல் சீட்டு தெரியாத வீடு உண்டா? அதையே போடுங்கள். ஆறு பேர், மாதம் 500, ஆறு மாதம். மாதாமாதம் 3,000 சேரும். ஆளுக்கு ஒரு எண் கொடுத்து ஆறு முகப் பகடையை உருட்டுங்கள், விழுந்த எண்ணுக்குரியவர் ஒரு புத்தகம் வாங்குகிறார். ஏற்கனவே எடுத்தவர் எண் விழுந்தால் மறுபடி உருட்டல். புத்தகம் அவர் பெயரில், அவர் அலமாரியில். ஞாயிறு மட்டும் மேசைக்கு வரும். என்ன வாங்குவது என்ற வரிசையை மட்டும் முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள், இல்லையென்றால் மூன்று பேர் ஒரே புத்தகத்தை வாங்கி வந்து நிற்பார்கள். எடுத்த பிறகு ஊரைவிட்டுப் போகிறவர் மீதித் தவணையைக் கட்டிவிட்டுப் புத்தகத்தோடு போகலாம், எடுக்காதவர் கட்டிய பணத்தை வாங்கிக்கொண்டு போகலாம். இதில் யாருக்கும் பாக்கி நிற்காது. மாணவருக்கு 500 கஷ்டம் என்றால் ஐந்து பேரோடு ஐந்து மாதச் சீட்டாக நடத்துங்கள், கையில் 2,500 வரும். பகடையில் 6 விழுந்தால் மறுபடி உருட்டல்.

மாணவர் புத்தகமே வாங்காமலும் ஆடலாம். உங்களிடம் இருக்கும் 2014 பதிப்பின், அதாவது ஐந்தாம் பதிப்பின், அடிப்படை விதிகளை, சிஸ்டம் ரெஃபரன்ஸ் டாக்குமென்ட் 5.1 என்ற பெயரில், 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டார்கள். 2024 விதிகளுக்கான 5.2, 2025-இல் வந்தது. இவற்றைத் தாராளமாக ஜெராக்ஸ் போடலாம், கொடுக்கலாம், தமிழில் பெயர்க்கவும் செய்யலாம். மூலத்தின் பெயரைக் குறிப்பிட்டால் போதும். 5.1 ஏறத்தாழ 400 பக்கம், முழுதாக அடிக்காதீர்கள். ஃபைட்டர், விசர்ட் என்று உங்கள் கதாபாத்திரத்தின் வகுப்புக்குரிய பக்கங்களும் தேவையான மந்திரங்களும் மட்டும், இருபக்கமும் அடித்து ஸ்பைரல் போட்டால் போதும். குறை ஒன்று உண்டு: 5.1-இல் ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரே ஒரு உட்பிரிவுதான். ஃபைட்டர் என்றால் சாம்பியன், விசர்ட் என்றால் எவொகேஷன். அதற்கு மேல் வேண்டுமென்றால் மேசைமேல் இருக்கும் புத்தகத்தைப் பார்க்க வேண்டியதுதான். அந்தப் புத்தகத்தின் பிடிஎஃப் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதெல்லாம் திருட்டு நகல், அதற்குள் போகாதீர்கள்.

டிஜிட்டல் சந்தா பற்றி. இந்த ஆட்டத்தின் அதிகாரபூர்வ இணையதளமான டிஎன்டி பியாண்டில் மாஸ்டர் சந்தா ஒருவர் எடுத்தால், அவர் கணக்கில் இருக்கும் புத்தகங்களை அந்த கேம்பெயினில் (தொடர்கதையாக ஆடும் ஆட்டத்தில்) உள்ள மற்றவர்கள் இலவசக் கணக்கிலேயே பார்க்கலாம். பகிர்வுக்கு நல்ல வசதிதான். ஆனால் அங்கே புத்தகத்தைத் தனியாக விலை கொடுத்து வாங்க வேண்டும், அச்சுப் புத்தகம் வைத்திருப்பதால் அது இலவசமாக வராது. வாங்கியது அந்தக் கணக்கோடு ஒட்டிக்கொள்ளும். பொதுப்பணத்தில் ஒருவர் கணக்கில் ஐந்து புத்தகம் வாங்கிய பிறகு அவர் கோபித்துக்கொண்டு போனால் ஐந்தும் போயிற்று. அச்சுப் புத்தகம் மேசையில் இருக்கும்வரை உங்களுக்கு இது தேவையில்லை என்பேன். எடுத்தே தீருவோம் என்றால் புத்தகம் டிஎம் காசில், சந்தா மட்டும் பொதுப்பையில்.

பெங்களூர் நண்பரை இணையத்தில் சேர்த்துக்கொள்ள ஃபவுண்ட்ரி என்ற இணைய ஆட்டமேசை மென்பொருளை வாங்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். ஒருமுறை பணம், நடத்துகிறவர் ஒருவர் வாங்கினால் போதும், மற்றவர்கள் பிரவுசரில் நுழையலாம். ஆனால் நம் ஊர் பிராட்பேண்ட் இணைப்புகள் பலவற்றில் ஒரே ஐபி முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டிருப்பார்கள். வெளியிலிருந்து உங்கள் கணினிக்குள் நுழைய வழி திறக்காது. அதற்குத் தனி ஐபியோ, மாத வாடகைக்கு சர்வரோ எடுக்க வேண்டும். ஒருவருக்காக இவ்வளவு வேண்டாம். அதே மாதிரி இணைய ஆட்டமேசையான ரோல்20-இன் இலவசக் கணக்கோ, கட்டம் போட்ட ஆட்ட விரிப்புக்கு மேல் ஸ்டாண்டில் மாட்டிய ஒரு போனும் வீடியோ காலுமோ போதும். டீ குடிக்காத அவரிடம் மாதம் 20 ரூபாய் ஜெராக்ஸ் பங்குகூட வாங்காதீர்கள்.

பகடை அவரவர் சொந்தம். ஏழு பகடைகள் கொண்ட ஒரு செட் போதும். ஃபயர்பால் என்ற மந்திரம் போடும்போது ஆறு முகப் பகடை எட்டு வேண்டும். லூடோ டப்பாவில் கிடப்பவற்றைச் சேர்த்து வையுங்கள். வெளிநாட்டிலிருந்து ஒன்றாகச் சேர்த்து ஆர்டர் போட்டால் கூரியரை வேண்டுமானால் தலைக்குப் பிரியுங்கள், சுங்கவரியை அப்படிப் பிரிக்கக் கூடாது. இறக்குமதிப் புத்தகத்துக்கு 2019 பட்ஜெட்டிலிருந்து 5 சதவீதம். பொம்மைக்கு 2020-இல் 20-லிருந்து 60 ஆகி, 2023-இல் 70 ஆனது. மினி என்கிற குட்டி உருவங்களை வரவழைத்தவருக்குப் பொம்மைக் கணக்கில் வரி விழுந்தால், புத்தகம் வாங்கியவர் அதற்கு ஏன் அழ வேண்டும்?

மினிக்கே அவசரப்பட வேண்டியதில்லை. படத்தை வட்டமாக வெட்டி ஐந்து ரூபாய் நாணயத்தில் ஒட்டுங்கள், ஒரு அங்குலக் கட்டத்துக்குள் அடங்கும். பத்து ரூபாய் நாணயம் 27 மில்லிமீட்டர், கட்டத்தைத் தாண்டிவிடும். கீழே போடும் விரிப்புக்கு ஃபிளெக்ஸ் அடிக்கிற கடை இருக்கிறது. மூன்றடிக்கு இரண்டடி, வெளிர்சாம்பல் கோட்டில் ஒரு அங்குலக் கட்டம். 36-க்கு 24, மொத்தம் 864 கட்டம். அச்சடிக்கும் முன் "அளவை மாற்றாமல் அடிங்கண்ணா" என்று இரண்டு முறை சொல்லுங்கள். ஓரம் விட்டு அவர்கள் சுருக்கினால் கட்டம் முக்கால் அங்குலத்துக்கும் ஒரு அங்குலத்துக்கும் நடுவில் எங்கோ நிற்கும், நாணயங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். வாங்கும்போதே ஸ்கேல் வைத்துப் பன்னிரண்டு கட்டம் ஒரு அடி வருகிறதா பாருங்கள். மேலே டைனிங் டேபிள் பிளாஸ்டிக் ஷீட் போட்டு, ஈரத்துணியில் அழியும் மார்க்கரால் வரையுங்கள். ஒயிட்போர்டு மார்க்கர் வேண்டாம், அதிலும் சிவப்பு ராத்திரி முழுக்கக் கிடந்தால் போகவே போகாது. மாதாமாதம் ஷீட் மாற்றும் செலவு பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது.

ஏற்காட்டுப் பயணத்தைப் பொதுப்பையோடு கலக்காதீர்கள், அது தனி நோட்டு. மே மாதம் கோடை விழாக் கூட்டத்தில் ரூம் வாடகை ஏறிக் கிடக்கும்; மழை விட்ட ஒரு வாரநாளில் போங்கள். முன்பணம் கட்டும் நாளிலேயே ஒரு விதி வையுங்கள்: கடைசி நேரத்தில் வராதவர் ரூம் பங்கைத் தர வேண்டும், சாப்பாட்டுப் பங்கு வேண்டாம். இங்கே மட்டும் டிஎம்முக்கும் பங்கு உண்டு, அவரும் அந்தக் கட்டிலில்தான் படுக்கிறார். பஸ்ஸில் வருகிறவரிடம் காருக்கு பெட்ரோல் பங்கு கேட்காதீர்கள். மேலே பனி இறங்கினால் தாள் நமத்துப்போகும், பென்சில் அழித்த இடத்தில் கேரக்டர் ஷீட் கிழியும். ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் கவர் கொண்டுபோங்கள். ஃபிளெக்ஸை மடித்துப் பையில் திணிக்காமல், சுருட்டி ஒரு பிவிசி குழாய்க்குள் விடுங்கள். மடித்த கோட்டில் நாணயம் நிற்காது, சரிந்துகொண்டே இருக்கும்.